மானுக்குப் பெயர் இல்லை

ஓகஸ்ட் 18, திங்கள்

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. புழுக்கம். கராஜ் கதவைத் திறந்து வைத்துக் கருவாடு பொரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள். சாத்தட்டும்.

வாங்க: மிளகாய்த்தூள், வெங்காயம், பூண்டு, எலிப்பொறி. (கிறீம் கிறாக்கர் பிஸ்கற் குறைந்துகொண்டே வருகிறது. புது வீட்டிலும் எலி.)

காலையில் சவிரி அண்ணை போன். எங்கள் தமிழ்ப் பங்கின் ஆண்டு மலரை அவர்தான் போடுகிறார். ‘பெயரும் புனிதரும்’ பக்கங்கள் இந்த மாத முடிவுக்குள் வேண்டுமாம். பங்குச் சனத்தின் பெயர்களை அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் எந்தப் புனிதர், பெயருக்கு என்ன அர்த்தம், மூன்று நான்கு வரி. இம்முறை காட்டிலும் குகையிலும் தனியே கிடந்த புனிதர்களுக்கு ஒரு தனிப் பக்கம்.

“தங்கச்சி, நீர்தானே வாசிக்கிற ஆள். வீட்டிலயும் சும்மாதானே இருக்கிறீர்.”

சும்மாதான். சைவமாய்ப் பிறந்து, கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவளிடம் புனிதர்களைக் கேட்கிறார்கள். பரம்பரை வேதக்காரருக்கு இந்தக் கதைகள் அலுத்துப்போய்விட்டன. எனக்குத்தான் புதினம்.

இதை எழுதும்போதே கீழே டக், டக். தேத்தண்ணி.

பேஸ்மென்றில் கட்டிலுக்கு மேலே சூட்டுக்காற்றுத் தகரக் குழாய் ஓடுகிறது. எ. கரண்டியால் அதில் தட்டுவார். வீடு முழுக்கக் கேட்கும். இரண்டு தட்டு என்றால் தேத்தண்ணி. மூன்று என்றால் சாப்பாடு. ஒன்று என்றால் சும்மா வாரும். எ. என்றால் எஜிடியுஸ், என் புருஷன். முழுப்பெயர் எழுதப் பஞ்சி.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

அதே புழுக்கம். குசினி அலுமாரிகள் துடைத்தேன். தேயிலை டின்னை அடுப்புக்கு மேல் தட்டிலிருந்து எடுத்துக் கீழே இழுத்துத் திறக்கிற லாச்சியில், அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். மேலே ஆவி பட்டுத் தூள் கட்டி பிடிக்கிறது. மேல் தட்டில் கேக் தகரங்களைக் குத்தாக அடுக்கினேன். இடம் போதாது. அந்தக் கதவை யாராவது திறந்தால் தலையில்தான் விழும். யார் திறக்கப் போகிறார், நான்தானே.

முன்பு நகரத்துக்குள், அஜின்கோர்ட்டில் பத்தாம் மாடியில் இருந்தோம். கீழே இறங்கினால் பஸ். பஸ்ஸில் ஏறினால் மீன்கடை, கோயில், தெரிந்த முகம். எ.க்குச் சொந்த வீடு வேண்டும், பேஸ்மென்ற் வேண்டும், அதற்குத் தனி வாசல் வேண்டும், வாடகைக்கு விட வேண்டும். நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லுக்கு வந்தோம். இங்கே வீடு, வீடு, வீடு, பிறகு சோளக் காடு. பால் வாங்கவும் கார். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் இருப்பேன். அப்போது அது பிழையாகத் தெரியவில்லை.

போன மாரிக்கு முந்தின மாரியில் வேலை இடத்தில் ஏணியால் விழுந்தார். முழங்கால் ஒப்பரேஷன். மேல்மாடி ஏற முடியாது, நடு மாடியில் படுக்கை அறை இல்லை. வாடகைக்கென்று கட்டிய அறையில் கட்டிலைப் போட்டோம். கால் ஆறும் வரைக்கும் என்றுதான் பேச்சு. டொக்ரர் ஆறிவிட்டது, நட என்று சொல்லி எவ்வளவு காலம். பயிற்சிக்குப் போவதை அவரே நிறுத்திவிட்டார். “ஏலாது வினி. படியைப் பாக்கவே தலை சுத்துது.” கிளினிக் போவதென்றால் பின்வாசலால் மகன் வந்து ஏற்றுவான்.

அவர் ஒருநாளும் கத்தியதில்லை. கத்தினால் நானும் கத்தலாம்.

ஓகஸ்ட் 20, புதன்

வெயில். கீழே காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டு, “நடக்கப் போறன்” என்றேன். “கவனம்” என்றார். தொலைபேசியில் ஊர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, தலை நிமிரவில்லை.

தபால் பெட்டி மூலையில் நசீமாவின் கார் நின்றது. றைவிங் பழக்குகிறவள். புத்தளத்துப் பிள்ளை, விட்பியில் இருக்கிறாள், முக்காட்டுக்கு மேலே கறுப்புக் கண்ணாடி. எ.க்கு இது தெரியாது. சொன்னால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். “நான் கெதியில எழும்பி ஓடுவன்தானே, பிறகேன் உமக்குக் கரைச்சல்” என்பார், மெல்ல. அந்த மெல்லத்துக்குத்தான் பயம்.

“யோகேஸ்வரி அக்கா, கண்ணாடி பாருங்க. மற்றக் கண்ணாடி. இப்ப தோளுக்கு மேலால பாருங்க. நீங்க ரோட்டைப் பார்த்துச் சாமி கும்பிடுற மாதிரி ஓட்டுறீங்க.”

என் கடதாசிகளில் எல்லாம் இன்னும் யோகேஸ்வரிதான். அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட இந்த நாட்டில் நசீமா ஒருத்திதான் இருக்கிறாள். நசீமா என்றால் மெல்லிய காற்றாம், கேட்டேன்.

இருபத்தெட்டாம் திகதி ரெஸ்ற். லைசென்ஸ் எடுத்தால் வெளியே. எடுக்காவிட்டால் இன்னொரு மாரி இந்த வீட்டுக்குள்.

ஓகஸ்ட் 21, வியாழன்

பெயர் வேலை. எங்கள் சனத்தின் பெயர்களைப் பார்த்தால் சிரிப்பு. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சாமிமார் கலண்டரைப் பார்த்து அன்றைக்கு எந்தப் புனிதரோ அதையே வைத்துவிட்டுப் போனார்கள். வாய்க்குள் நுழையாத பெயரைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போனார்கள் மனிதர்கள்.

கெவின்: பட்டியலில் ஒன்பது கெவின். அதில் ஒன்று என் மகன். வெள்ளைக்காரன் வாயிலும் நிற்கும், சாமியாரும் மறுக்க மாட்டார் என்றுதான் வைத்தோம். அர்த்தம், அழகாய்ப் பிறந்தவன். ஐரிஷ் துறவி, ஏரிக்கரைப் பாறைப் பொந்தில் இருந்தவர். கை நீட்டிச் செபிக்கும்போது உள்ளங்கையில் ஒரு குருவி முட்டையிட்டது, குஞ்சு பொரிக்கும்வரை கையை மடக்கவில்லையாம். என் மகன் என்றால் போன் எடுக்கக் கையை இழுத்திருப்பான்.

வினிபிரெட்: அது நான். மாமி வைத்த பெயர், செத்துப்போன அவவின் தங்கச்சியுடையது. வேல்ஸ் நாட்டுப் பெண். ஒரு இளவரசன் கழுத்தை வெட்டினான், தாய்மாமன் சாமியார் தலையைத் திரும்ப ஒட்டிவைத்தார். கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு கடைசிவரை இருந்ததாம். அவளுக்கும் முதலில் வேறு பெயராம், ஒட்டிய பிறகுதான் இந்தப் பெயர். இதை மலருக்கு எழுதவில்லை. எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் கெவின் போன்.

“அம்மா, யூ ஓகே? டாட் மேல வந்தாரா?”

“இல்லை.”

“ஹி ஹாஸ் டு ட்ரை, அம்மா. நீங்க டூ மச் செய்யிறீங்க அவருக்கு.”

சொல்வது சுகம். டவுன்ரவுனில் இருந்துகொண்டு எல்லாரும் சொல்லலாம்.

ஓகஸ்ட் 23, சனி

ஒருவழியாக மழை. முருங்கைக்காய்க் குழம்பு, முட்டை.

எஜிடியுஸ் கதை வாசித்தேன். கலியாணம் கட்டி இத்தனை வருஷம், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்று தேடிப் பார்த்ததில்லை. பிரான்ஸ் பக்கத்துக் காட்டில் முள்ளுப் பற்றைக்குள் ஒரு குகை. தனியே. ஒவ்வொரு நாளும் ஒரு பெண்மான் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். ஒருநாள் அரசனுடைய வேட்டைக்காரர் மானைத் துரத்தி அம்பு விட்டார்கள். மான் குகைக்குள் ஓடியது, அம்பு சாமியாரில் பட்டது. அரசன் வைத்தியம் செய்ய வந்தான். வேண்டாம், இந்தக் காயம் ஆறாமலே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாராம். முடவர்களுக்குக் காவல் புனிதர். பெயருக்கு அர்த்தம் ஆட்டுக்குட்டி.

சோறு கொண்டுபோகையில் கடதாசியையும் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். எ. சிரித்தார். கனகாலத்துக்குப் பிறகு.

“ஆட்டுக்குட்டியோ? சவிரி அண்ணை இதைப் போட்டாரெண்டா பங்கு முழுக்க என்னைப் பாத்துக் கத்தும்.”

“காயம் ஆறவேண்டாமெண்டு ஏன் கேட்டவர்?”

சோற்றைக் குழம்போடு பிசைந்தார். “ஆறினா எல்லாத்தையும் திரும்பத் தொடங்கோணும், வினி. அந்தாள் கெட்டிக்காரன்.”

குத்லாக் என்று ஒருவரையும் வாசித்துக் காட்டினேன். எங்கள் பங்கில் அந்தப் பெயர் ஒருவருக்கும் இல்லை. சண்டைக்காரனாய் இருந்து சதுப்புக்குள் போய்த் தனியே இருந்தவர். பெயரிலேயே போர் இருக்கிறது. இரவில் பேய்கள், முன்பு தான் சண்டை பிடித்த சனத்தின் பாஷையில் பேசுமாம், அவருக்கு அது விளங்குமாம். எ. சாப்பிடுவதை நிறுத்தினார்.

“எனக்கும் கனவில ஆமிக்காரன் சிங்களத்திலதான் கதைக்கிறான். அப்ப விளங்காதது இப்ப விளங்குது.”

பாவமாக இருந்தது. தலையைத் தடவிவிட்டு வந்தேன். பாவமாக இருப்பதுதான் என்னைப் பூட்டி வைக்கிற பெரிய கதவு. அதைத் திறக்கத் தெரியவில்லை.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

பூசை. பக்கத்துத் தெரு அருளம்மா குடும்பம் ஏற்றிப் போனது. இரண்டு மணித்தியாலம் மனித முகம்.

வந்து பார்த்தால் பிஸ்கற் பைக்கற்றில் மூன்று குறைவு. பொறியில் கருவாடு அப்படியே. இந்த ஊர் எலிக்குக் கருவாடு பிடிக்காதாக்கும்.

ஓகஸ்ட் 25, திங்கள்

லெசன். இடப்பக்கம் திரும்புவது இன்னும் பயம். எதிரே வருகிற கார் எல்லாம் என் மேலே ஏறத்தான் வருகிறது.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது நசீமாவுக்கு எஜிடியுஸ் கதை சொன்னேன். மலருக்கு என்ன எழுதுகிறேன் என்று அவள்தான் கேட்டாள். குகை, மான், பால், அம்பு எல்லாம். அவள் காப்பு குலுங்கக் கையை உயர்த்தினாள்.

“இருங்க அக்கா. மான் பால் குடுத்துதா? அப்ப அதுக்குக் குட்டி இருந்திருக்கணுமே. குட்டி இல்லாம எங்கால பால்? அந்தக் குட்டி எங்க?”

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன். கார் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டாம் ஹோர்னுக்குத்தான் காலைப் பிறேக்கிலிருந்து எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாப் புத்தகத்திலும் தேடினேன். குட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. சாமியாருக்குப் பெயர் உண்டு, அரசனுக்குப் பெயர் உண்டு. ஒவ்வொரு நாளும் நடந்து வந்து மடி கொடுத்த மானுக்குப் பெயர் இல்லை. அதன் குட்டி என்ன குடித்தது என்றும் ஒருவரும் கேட்கவில்லை.

கெவின் கடைசியாக இங்கே தங்கியது எப்போது என்று யோசித்தேன். ஈஸ்ரர். சாப்பிட இருந்தான், குழாயில் தட்டுச் சத்தம், நான் எழும்பினேன். திரும்பி வந்தேன், மறுபடி தட்டு, மறுபடி எழும்பினேன். அவன் தன் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

டக், டக்.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

ஒன்றுமில்லை. சோறு, பருப்பு, கத்தரிக்காய். தட்டு, படி, தட்டு, படி.

யோசித்துப் பார்த்தேன். சைவ வீட்டில் வளர்ந்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாமிக்கு முன்னால் படைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். சாமி எழும்பிக் குசினிக்கு வருமா என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தட்டத்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டு நானும் அப்படித்தான் கொஞ்ச நேரம் நிற்கிறேன். வேதக்கார வீட்டில் பிறந்த பெண்ணென்றால் எப்போதோ கத்தியிருப்பாள்.

ஓகஸ்ட் 28, வியாழன்

பெயில்.

வெயில், நல்ல வெளிச்சம், மழை என்றும் சாட்டுச் சொல்ல முடியாது. எ.யிடம் “கோயில் வேலை, சவிரி அண்ணேன்ர மனுசி ஏத்துறா” என்று சொல்லிவிட்டுப் போனேன். ரெஸ்ற் எடுத்தவன் கெவின் வயதுப் பெடியன். என் பெயரை வாசிக்கப் பட்ட பாடு. நான் பிழை ஒன்றும் விடவில்லை. மெதுவாக ஓடினேன், அவ்வளவுதான். போகலாம் என்ற இடத்தில் எல்லாம் நின்றேன். யாருமே வராத சந்தியில் வழி விட்டுக்கொண்டு நின்றேன். “டூ காஷியஸ்” என்று எழுதிக் கொடுத்தான், மிதமிஞ்சிய கவனமாம்.

திரும்பி வரும்போது நசீமாதான் ஓட்டினாள். தபால் பெட்டியடியில் இறக்கும்போது, “அக்கா, உங்களுக்கு ஓடத் தெரியும். நீங்க போக அனுமதி கேட்டுக்கொண்டு நிக்கிறீங்க” என்றாள். அழுதேன். தெருவில் நின்று, தபால் பெட்டிக்கு முன்னால்.

மதியச் சாப்பாட்டு நேரம் எப்போதோ கடந்துவிட்டது. பாவம், தட்டித் தட்டிப் பார்த்திருப்பாரே என்று ஓட்டமும் நடையுமாய் வந்தேன்.

குசினி. கேத்தில் இன்னும் சூடு. சிங்கில் தேத்தண்ணி வடிகட்டுகிற வடி, ஊறிய தேயிலைச் சண்டலோடு. பக்கத்தில் பிஸ்கற் துகள்.

முதலில் சந்தோஷம்தான். எழும்பிவிட்டார், படி ஏறிவிட்டார், அந்தோனியாரே என்று கும்பிட்டேன். அதற்குப் பிறகு லாச்சியைப் பார்த்தேன். ஒரு விரல் அளவு திறந்து கிடந்தது. அரிசி வாளி நகர்ந்திருந்தது. மேலே கேக் தகரங்கள் அடுக்கியபடி அப்படியே. அந்தக் கதவைத் திறந்திருந்தால் எல்லாம் சரிந்திருக்கும். பழைய இடத்தில் அவர் தேடவே இல்லை. நேரே லாச்சிக்குப் போயிருக்கிறார். தேயிலை டின்னை நான் மாற்றியது போன கிழமைச் செவ்வாய். அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிறு நான் பூசைக்குப் போனேன். புதனும் திங்களும் நடக்கப் போனேன்.

பொறியில் எலி விழாத காரணம் விளங்கியது.

கதிரையில் இருந்துவிட்டேன். கோபம் என்று ஒரு சொல் போதாது.

ஓகஸ்ட் 29, வெள்ளி

சமைத்தேன். கொண்டுபோனேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன், வழமையான குரலில்.

“இஞ்சருங்கோ, படி ஏறிப் பாத்தீங்களோ?”

“ஏலுமே உது? முழங்கால் மடங்குதில்லை.”

கண்ணைப் பார்க்கவில்லை. போர்வை நுனியை முறுக்கினார். அந்த வடியைக் கழுவி வைத்தது நான்தானே, தெரியாதா அவருக்கு? தெரியும். எனக்குத் தெரிந்தது தெரிந்தும் சொல்கிறார். நானும் “ஓமோம், கவனம்” என்று சொல்லிவிட்டு ஏறி வந்தேன். இரண்டு பேரும் நல்ல நாடகக்காரர்.

வெளியே வராமல் இருந்தால் யாரும் ஏணியில் ஏறு என்று சொல்ல மாட்டார்கள். பயம். அது விளங்குகிறது. ஆனால் அவருடைய பயத்துக்குள் நான் ஏன் குடியிருக்கிறேன்?

மலர்ப் பக்கங்களை முடித்தேன். கடைசியாக விபொராதா. இதுவும் எங்கள் சனத்தில் இல்லாத பெயர், இருந்தாலும் எழுதினேன். தன்னைச் சுவருக்குள் வைத்துக் கட்டச் சொன்ன பெண். ஒரு ஜன்னல், அதனால் அப்பம் வரும். எதிரி வருகிறான், புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று மடத்துக்காரரை எல்லாம் அனுப்பினாள். தான் மட்டும் அசையவில்லை. உள்ளேயே வெட்டுப்பட்டாள். பெயருக்கு அர்த்தம் பெண்களின் ஆலோசனை என்கிறார்கள். நல்ல ஆலோசனைதான், தனக்கு மட்டும் சொல்லவில்லை.

எஜிடியுஸ் பகுதியில் கடைசி வரி: “பால் கொடுத்த மானின் பெயர் எங்கும் குறிக்கப்படவில்லை, அதற்கு ஒரு குட்டியும் இருந்திருக்க வேண்டும்.”

ஓகஸ்ட் 30, சனி

காற்று. மேப்பிள் ஓரிரண்டு இலை சிவக்கிறது, இவ்வளவு கெதியிலா?

சவிரி அண்ணை போன். “தங்கச்சி, மற்றதெல்லாம் வடிவா இருக்கு. உந்த மான் வரிதான். புனிதரைப் பற்றின பக்கத்தில மானுக்கு ஏன் உவ்வளவு இடம்? உதை எடுத்துவிடுவமே?”

“எடுக்க வேண்டாம் அண்ணை.”

“சனம் ஏதும் நினைக்கும்...”

“நினைக்கட்டும் அண்ணை. எடுத்தா முழுப் பக்கத்தையும் எடுங்கோ.”

“சரி, சரி. ஏன் கோவிக்கிறீர்?” என்றார். நான் கோவித்ததாக எனக்குத் தெரியவில்லை. குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நசீமாவுக்கு மெசேஜ்: மறுபடி ரெஸ்ற்றுக்குப் போடு. நெடுஞ்சாலைக்கும் பழக்கு.

செப்ரெம்பர் 1, திங்கள்

லீவு நாள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. குளிர் தொட்டுவிட்டது.

எ.யின் பெயர் விழா. அவர்கள் வீட்டு வழக்கம்: புனிதர் நாளில் பெயர்க்காரன் தன் கையால் வீட்டாருக்குப் புக்கை, அதுதான் பொங்கல், பரிமாற வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் சாப்பிடலாம். மாமி இருந்த காலத்தில் கடும் கண்டிப்பு. போன வருஷம் சட்டியைக் கீழே கொண்டுபோனேன். கட்டிலில் இருந்தபடி எனக்கு ஒரு அகப்பை போட்டார். நான் நின்றபடி சாப்பிட்டேன்.

காலையில் பால்புக்கை காய்ச்சினேன். கஜு, முந்திரிகை வத்தல், அவருக்குப் பிடித்த பனங்கட்டி. மேசையில் இரண்டு கோப்பை. சட்டிக்குள் அகப்பை. கதிரையை இழுத்துவிட்டு இருக்கிறேன். பேஸ்மென்ற் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறேன், வாசம் போகட்டும்.

கெவின் வட்ஸ்அப்: ஹாப்பி ஃபீஸ்ற் டே டாட். மத்தியானம் வாறானாம். டாட் மேல வந்தாலும் வராட்டிலும் வாறன் என்று போட்டிருக்கிறான்.

டக், டக்.

இருக்கிறேன். கால் தானாக எழும்பப் பார்க்கிறது, ஒன்றின் மேல் ஒன்று போட்டு அழுத்திக்கொண்டேன்.

டக், டக், டக்.

புக்கை ஆறுகிறது. ஆறட்டும்.

“வினி?”

குழாய்க்குள்ளால் வருகிறது, பக்கத்தில் இருப்பதுபோல். பதில் சொல்லவில்லை. அது என் பெயர்தான், ஆனாலும் சொல்லவில்லை.

டக். ஒன்று. சும்மா வாரும்.

எழுதிக்கொண்டே இருக்கிறேன். எழுத்து கோணுகிறது. இப்போது தட்டு இல்லை. கட்டில் கிறீச்சிடுகிறது. தடி நிலத்தில் ஊன்றும் சத்தம் இல்லை, வெறும் கால்.

படி.

நின்று, இன்னொரு படி.

லாச்சிக்குத்தான் முதலில் போவார். தேயிலை டின் என் மடியில் இருக்கிறது.